சிப்பியா, சிப்பிப்பாறையா?

மழை ஏமாத்தி உளுந்து கையைக் கடிச்ச கதையை அடுத்த பதிவுல எழுதுறேன். இன்னிக்கு நாய் பேச்சு.

நாய் வளர்க்கிறவங்க நாலு பேர் கூடினா இப்ப யாரும் முழுப்பேர் சொல்றதில்லை. லாப்ரடார் 'லேப்', ராட்வைலர் 'ராட்', டாபர்மேன் 'டாபர்', ஜெர்மன் ஷெப்பர்ட் வெறும் 'ஜெர்மன்'. எங்க ஊர் டீக்கடையில லேப்னா ரத்தம் எடுக்கிற இடம். டவுன்ல இருந்து வந்த பையன் ஒருத்தன் "லேப் வாங்கிருக்கேன்"னு சொன்னதும், பெஞ்சுல இருந்த பெரியவர், "எம்புட்டு முதல் போட்டீரு தம்பி?"ன்னு கேட்டார்.

அந்த நாய்களோட பேரை எப்படி வெட்டினாலும் எனக்கு வருத்தமில்லை. அதெல்லாம் ஏற்கெனவே பல கை மாறி வந்த பேருதான். எங்க அப்பா காலத்து ஆட்கள் 'அல்சேசன்'னு சொன்னதும், இப்ப பசங்க 'ஜெர்மன்'னு சொல்றதும் ஒரே நாய். முதல் உலகப்போர் சமயத்துல ஜெர்மன்ங்கிற பேரே பிரிட்டன்காரங்களுக்குக் கசந்துபோய், அல்சேஷன்னு மாத்திட்டாங்க. 1977-லதான் அங்க பழைய பேரு திரும்ப வந்துச்சு. லாப்ரடார் கதையும் அப்படித்தான். அதோட மூதாதை நாய்க நியூஃபவுண்ட்லாந்து பக்கத்துல இருந்து வந்தது. பேரு மட்டும் லாப்ரடாருக்குப் போயிருச்சு.

எங்க கரிசக்காட்டு நாய்களுக்கு இந்தச் சுருக்கம் வரும்போதுதான் எனக்கு உறுத்துது. ராஜபாளையம் இப்ப 'ஆர்.பி.'. சிப்பிப்பாறை 'சிப்பி'. போன் பண்றவங்க, "அண்ணா, சிப்பி இருக்கா? என்ன ரேட்?"னு கேக்காங்க. சிப்பிப்பாறைன்னு விருதுநகர் மாவட்டத்துல ஒரு ஊர் இருக்குங்கிறதே பாதிப் பேருக்குத் தெரியாது. கடல் சிப்பி கலர்ல இருக்கிறதால வந்த பேருன்னு ஒருத்தர் எனக்கே விளக்கம் சொன்னார். நான் என்னத்தச் சொல்ல!

ஊர் பேரு போறது ஒரு பக்கம். அதைவிடப் பெருசா எனக்குப் படுறது கன்னி நாய் விஷயம். கன்னின்னா கருப்பு உடம்பு, கண்ணுக்கு மேல ரெண்டு பொட்டு, கால்லயும் நெஞ்சுலயும் தவிட்டு நிறம். பால்கன்னின்னு வெளுத்த நிறத்துலயும் உண்டு. ஒல்லி வயிறு, நீள மூஞ்சி, ஓட்டம் எல்லாம் சிப்பிப்பாறை மாதிரியேதான் இருக்கும். ரெண்டும் ஒரே வம்சமா வேறவேறயான்னு வளர்க்கிறவங்களுக்குள்ளயே இன்னும் சண்டை ஓயலை. அந்தச் சண்டை நடக்கட்டும். ஆனா விக்கிறவன் எல்லாத்தையும் 'சிப்பி'ங்கிற ஒரே சாக்குல கட்டிட்டான்னா, கன்னிங்கிற பேரு கேக்கவே ஆள் இருக்காது. பேரு போனா, அதுக்குன்னு பார்த்து ஜோடி சேர்க்கிறதும் போயிரும். கோம்பைக்கு ஏற்கெனவே அந்த நிலைமைதான். செவலை உடம்பு, கருத்த மூஞ்சி இருந்தாப் போதும், தெருவுல திரியிறதையும் பிடிச்சுக் கோம்பைன்னு வித்துருவாங்க.

என் அண்ணன் மகன் இதை ஒத்துக்க மாட்டான். "சித்தப்பா, பேரு சுருங்கினாத்தான் நாலு பேர் வாயில புழங்கும். புழங்கினாத்தான் வாங்குவான்"ங்கிறான். அவன் சொல்றதுலயும் நியாயம் இருக்கு. 2005-ல ராஜபாளையம் நாய் தபால்தலையில வந்துச்சு, எங்க ஊர்ல ஒரு குட்டி கூடுதலா விக்கலை. 2020 ஆகஸ்ட்ல பிரதமர் ரேடியோவுல ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பைன்னு வரிசையாச் சொன்ன பிறகுதான் கார்ல ஆள் வந்து இறங்கினாங்க. வேட்டைக்குச் சட்டத்துல தடை வந்த பிறகு, இந்த நாய்களுக்குச் சோறு போட ஒரு காரணம் வேணும்லா? காட்டுப்பன்னி மக்காச்சோளத்துல இறங்காமக் காக்கிறது ஒண்ணு. டவுன்காரங்க ஆசை இன்னொண்ணு.

எங்க மதினிக்கு ரெண்டு பேச்சும் பிடிக்காது. "கூழை ஊத்துறவளுக்குத் தெரியும் அதுக்கு என்ன பேருன்னு." அவங்க எல்லாத்தையும் 'ஏலே'ன்னுதான் கூப்பிடுவாங்க. எல்லாமும் வரும்.

கிடை போடுற பெரியவர் ஒருத்தர்கிட்டயும் கேட்டேன். அவர் ஆயுசுல சிப்பிப்பாறைன்னு சொன்னதே இல்லையாம். செவலை, மயிலை, புல்லைன்னு மாட்டுக்குச் சொல்ற மாதிரி நிறத்தைச் சொல்லுவார். கூடவே, "இன்ன ஊர்ல இன்னார் வீட்டுப் பொட்டையோட குட்டி"ம்பார். யோசிச்சுப் பார்த்தா அது நம்ம முழுப்பேரைவிட நீளம். அதுல தாய் யாரு, எங்க வளர்ந்துச்சு, ஓட்டம் எப்படின்னு எல்லாம் அடங்கிருது. வெள்ளை நாய்ல காது கேக்காத குட்டிக பிறக்கிறது உண்டு. அந்த மாதிரி ஈத்து எந்த வீட்டுலன்னும் ஊருக்கே தெரிஞ்சிருக்கும். 'ஆர்.பி., மில்க் ஒயிட், ரெண்டு மாசம்'னு போட்டோ அனுப்புறவன்கிட்ட இதைக் கேக்க முடியுமா? போன மாசம் எங்க பக்கத்துக் காட்டுக்காரர் அப்படி ஒண்ணை வாங்கிட்டு வந்தார். பின்னாடி நின்னு தட்டைத் தட்டினா திரும்பல. இப்ப பம்ப்செட் ரூம்ல கிடக்கு. பாவம், வண்டிச் சத்தம் கேக்காதுன்னு அவிழ்த்து விடவும் பயப்படுறார்.

அதனால, கூப்பிடுறதுக்கு எப்படியும் சுருக்கிக்கோங்க, குட்டி எடுக்கும்போது சுருக்காதீங்கன்னு அண்ணன் மகன்கிட்டச் சொல்லிருக்கேன். எங்க வீட்டுப் பொட்டை தை மாசம் குட்டி போடும். வேணும்ங்கிறவங்க போட்டோ கேக்காதீங்க. நேர்ல வாங்க. காலையில எட்டு மணிக்குள்ள வந்தா நல்லது, வெயில் ஏறிட்டா அது படப்புக்கு அடியில போய்ப் படுத்துரும், மதினி கூப்பிட்டாத்தான் வெளிய வரும்.