பனைகளுக்குப் பின்னால் துருவ நட்சத்திரம்

மானிப்பாய் ஏறத்தாழ 9.7 பாகை வட அகலக்கோட்டில் இருக்கிறது. துருவ நட்சத்திரமும் அடிவானிலிருந்து அவ்வளவு உயரம்தான். எங்கட வளவில் பனைகள் அதை மறைத்துவிடும். அதைப் பார்த்துத் தொலைநோக்கியைச் சீராக்க வழியில்லை.

கைகொடுப்பது ‘பிளேட் சால்விங்’. கமரா சில வினாடிகள் ஒரு படம் எடுக்கும். அஸ்டாப் மென்பொருள் அதிலுள்ள நட்சத்திரங்களை நான்கு நான்காகச் சேர்த்து, இடைத்தூர விகிதங்களை நட்சத்திரப் பட்டியலோடு ஒப்பிட்டு, தொலைநோக்கி எங்கே பார்க்கிறது என்று சொல்லும். மோட்டார் மெல்லத் திரும்பும். மறுபடி ஒரு படம். ஒமேகா சென்டாரி நட்சத்திரக் கொத்து நடுவில் வந்து நிற்கும்!

லண்டனில் அது உதிப்பதே இல்லை. இங்கே மே மாத இரவுகளில் தெற்கே 33 பாகை வரை ஏறும். தொலைநோக்கியும் கமராவும் வைத்திருக்கிற பிள்ளைகளே, அஸ்டாப் இலவசம். இறக்கிப் பாருங்கள். இவ்வளவு நல்ல தென்வானத்தை நாங்கள் படம் பிடிக்காமல் வேறு யார் பிடிப்பது?