நேத்து எங்கம்மா படுத்த?

கிராம சுகாதார செவிலியராக இருக்கும் எனக்கு, எடை பார்ப்பதும் ரத்த அழுத்தம் பார்ப்பதும் கை தானாகச் செய்யும் வேலைகள். ஒரு கர்ப்பிணியின் தூக்கத்தைத் தெரிந்துகொள்வதற்குத்தான் தனிப் பக்குவம் வேண்டும். “நல்லாத் தூங்குறியாம்மா?” என்று கேட்டால் “தூங்குறேன்க்கா” என்ற பதில்தான் வரும், பக்கத்தில் மாமியார் இருப்பார். அதனால் வேறு விதமாகக் கேட்பேன். “நேத்து ராத்திரி எங்கம்மா படுத்த? எத்தனை தடவ எந்திரிச்ச? காலைல வீட்டுல மொதல்ல எந்திரிச்சது யாரு?” இப்படிக் கேட்டால் அந்த ராத்திரி முழுவதும் வெளியே வந்துவிடும்.

“கால் குடையுதுக்கா, நீட்டவும் முடியல, மடக்கவும் முடியல” என்பாள் ஒருத்தி. அவளுடைய கர்ப்பகாலப் பதிவு அட்டையைத் திருப்பி ஹீமோகுளோபின் அளவைப் பார்ப்பேன். 11க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. கால் குடைச்சலும் இரும்புச்சத்துக் குறைவும் பல சமயம் சேர்ந்தே வரும். இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு விழுங்குகிறாளா, கால்சியம் மாத்திரையையும் சேர்த்துப் போட்டுக்கொள்கிறாளா என்று விசாரிப்பேன். இரண்டுமே இரும்பை உடம்பில் சேரவிடாது. கெண்டைக்கால் இழுத்துப் பிடிப்பது வேறு. காலை நீட்டி, பாதத்தைத் தன் பக்கமாக வளைத்துப் பிடித்தால் அது விட்டுவிடும். நெஞ்செரிச்சல் என்றால், எல்லாரும் சாப்பிட்ட பிறகு பத்து மணிக்குச் சாப்பிட்டுவிட்டு உடனே படுக்கிறாள் என்று பெரும்பாலும் அர்த்தம். ராத்திரியில் உள்ளங்கையும் உள்ளங்காலும் அரிக்கிறது என்றாலோ, தலைவலியோடு கண் மங்குகிறது என்றாலோ அன்றைக்கே டாக்டரிடம் அனுப்பிவிடுவேன். ஈரல் கோளாறாகவோ ரத்த அழுத்தமாகவோ இருக்கலாம்.

ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து பெண் தாய்வீட்டுக்கு வரும் சமயம், 28 வாரத்தை ஒட்டி இருக்கும். அப்போதிருந்து மல்லாந்து படுக்கக் கூடாது. கருப்பையின் கனம் முதுகெலும்புக்கு முன்னால் ஓடும் பெருஞ்சிரையை அழுத்தும். இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறையும், பிள்ளைக்குப் போவதும் குறையும். கடைசி மூன்று மாதங்களில் மல்லாந்து தூங்கப் போகிறவர்களுக்குக் குழந்தை இறந்து பிறக்கும் ஆபத்து கூடுதல் என்று நியூசிலாந்து, பிரிட்டன் ஆய்வுகள் காட்டின. இடப்பக்கமோ வலப்பக்கமோ ஒருக்களித்துப் படுத்தால் போதும். நடுராத்திரியில் விழித்து, மல்லாந்து கிடப்பதைக் கண்டால் பயப்பட வேண்டாம், திரும்பிப் படுத்துக்கொள்ளலாம்.

திரும்புவதில்தான் அடுத்த சிக்கல். “பொரண்டு படுத்தா கொடி சுத்திக்கும், எந்திரிச்சு உக்காந்து திரும்பிப் படு” என்று அம்மாவே சொல்லுவார். நிறைமாத வயிற்றோடு அவள் ராத்திரியெல்லாம் எழுந்து உட்கார்ந்துகொண்டிருப்பாள். தொப்புள்கொடி சுற்றுவது பிள்ளை உள்ளே அசைவதால். தாய் புரள்வதால் அல்ல. இதைச் சொன்னால் மட்டும் நம்பமாட்டார்கள் என்பதால் அவர்கள் வீட்டுப் பாயிலேயே படுத்துக் காட்டுவேன். பழைய சேலையை மடித்து முழங்கால்களுக்கு நடுவில் ஒன்று, வயிற்றுக்கு அண்டையாக ஒன்று, முதுகுக்குப் பின்னால் ஒன்று வைப்பேன். இரண்டு முழங்காலையும் சேர்த்து மடக்கி, இடுப்பும் தோளும் ஒன்றாகத் திரும்ப வேண்டும். எழுந்திருக்கும்போது பக்கவாட்டில் கையூன்றி எழ வேண்டும். பார்த்துக்கொண்டிருக்கும் அம்மாவே அடுத்த முறை மகளுக்குச் சேலை மடித்துக் கொடுப்பார்.

இத்தனைக்கும் மேலே, தூக்கம் வீட்டார் கையில் இருக்கிறது. ராத்திரி எட்டு மணி நேரம், பகலில் இரண்டு மணி நேரம் என்று நாங்கள் சொல்கிறோம். நாலரைக்குக் குழாயில் தண்ணீர் வரும் தெருவில், குடம் தூக்கப் போகிறவள் அவள்தான் என்றால் அந்தக் கணக்கு எப்படி நடக்கும்? முதல் மூன்று மாதம் அவள் பகலில் தூங்கி வழிவது சோம்பேறித்தனம் இல்லை, உடம்பில் சுரக்கும் புரோஜெஸ்டிரோன் செய்யும் வேலை என்று மாமியாருக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. கணவரை உட்காரவைத்துத் தண்ணீர்ப் பொறுப்பை ஒப்படைக்க வேண்டியிருக்கிறது. மருந்துக்கடையில் கேட்டுத் தூக்க மாத்திரை வாங்கித் தரக் கூடாது என்றும் அவரிடமே சொல்லிவிடுகிறேன்.

பிரசவ நாள் நெருங்கினால் வண்டிக்கு யார், ஆஸ்பத்திரியில் துணைக்கு யார் என்று குடும்பமே கூடி முடிவு செய்கிறது. அவள் தூங்குவதற்காக யார் எந்த வேலையை எடுத்துக்கொள்வது என்பதையும் அப்படியே பேசி, அதற்கு வெகு முன்பே முடிவு செய்துவிட வேண்டும்.