இறந்த கிளியின் பல பிறவிகள்

அரை மணித்தியாலத்துக்கு முன்னர் வாங்கிய கிளியைக் கூண்டோடு தூக்கிக்கொண்டு ஒருவர் கடைக்குத் திரும்பி வருகிறார். கிளி இறந்துவிட்டது என்கிறார். இல்லை, ஓய்வெடுக்கிறது என்கிறார் கடைக்காரர். பின்னர், அது தன் தாயகமான நோர்வேயின் கடலோரத்தை நினைத்து ஏங்குகிறது என்கிறார். வாடிக்கையாளர் கிளியை மேசையில் ஓங்கி அடித்துக் காட்டுகிறார். அதன் கால்கள் ஆணியடித்து நிறுத்தப்பட்டிருந்ததையும் எடுத்துரைக்கிறார். கடைக்காரர் கோபப்படுவதில்லை, ஆதாரம் காட்டுவதுமில்லை. ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு விளக்கத்தை மட்டும் தருகிறார்.

மொன்ரி பைதன் குழுவினரின் இந்த நகைச்சுவைக் காட்சி 1969 டிசெம்பர் 7ஆந் திகதி பிபிசி தொலைக்காட்சியில் முதன்முதலாக ஒளிபரப்பானது. எழுதியவர்கள் ஜோன் கிளீஸும் கிரகாம் சப்மனும். கிளீஸ் வாடிக்கையாளராகவும் மைக்கல் பேலின் கடைக்காரராகவும் நடித்தார்கள். பேலின் தனது மோட்டார் காரைத் திருத்தக் கொடுத்த இடத்தில் எந்தப் பழுதையும் ஒப்புக்கொள்ளாத ஒருவரைக் கண்டிருந்தார். அந்த அனுபவம் 1968இல் வேறொரு நிகழ்ச்சியில் கார் விற்பனையாளர் காட்சியாக வந்தது. அதனை மீண்டும் எழுதியபோது பழுதான பொருள் முதலில் பாண் வாட்டும் கருவியாக இருந்ததாம். அதைக் கிளியாக்கியவர் சப்மன். காரின் பழுதைப்பற்றி வாதாட இடமுண்டு. மரணத்தைப்பற்றி வாதாட இடமில்லை. மறுப்பு மறுப்பாகவே அம்மணமாக நிற்பது அப்போதுதான்.

இவர்களுக்கு முன்னோடியும் உண்டு. கி.பி. 4ஆம் நூற்றாண்டளவில் தொகுக்கப்பட்டதாகக் கருதப்படும் 'பிலோகெலோஸ்' என்ற கிரேக்க நகைச்சுவைத் தொகுப்பில், விலைக்கு வாங்கிய அடிமை இறந்துவிட்டானென்று ஒருவர் விற்றவரிடம் முறையிடுகிறார். என்னிடம் இருந்தவரை அவன் அப்படியெதுவும் செய்யவில்லையே என்பது விற்றவரின் பதில்.

இந்தக் காட்சியின் வெவ்வேறு வடிவங்களைப் பார்த்தால், தகராறு மாறுவதில்லை, முடிவுதான் மாறுகிறது. 1971இல் வெளிவந்த திரைப்படத்தில் கடைக்காரர் தன் நிறைவேறாத ஆசையைச் சொல்லி மரவெட்டியாக மாறிப் பாடத் தொடங்கிவிடுகிறார். பார்வையாளர் சிரித்தபடியே கிளியை மறந்துவிடுகிறார்.

1969இன் மூல வடிவத்தில் கதை நீளுகிறது. போல்டன் நகரிலுள்ள தன் சகோதரனின் கடைக்குப் போகும்படி கடைக்காரர் சொல்கிறார். அங்கே பொய்மீசையோடு நிற்பவரும் அதே கடைக்காரர்தான். இது போல்டன் அல்ல, இப்ஸ்விச் என்கிறார். வாடிக்கையாளர் புகையிரத நிலையத்தில் முறையிடப் போகிறார். கிளி எங்கோ போய்விட்டது. கடைசியில், விடயம் அசட்டுத்தனமாகிவிட்டது, இனி இந்த விசாரணையைத் தொடரப்போவதில்லை என்று அவரே அறிவிக்கிறார். சீருடையணிந்த இராணுவ அதிகாரி ஒருவர் வந்து அதனை ஆமோதித்துக் காட்சியை நிறுத்துகிறார்.

இந்த முடிவு பலவீனமானது என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கோ எல்லாவற்றிலும் உண்மையான முடிவு இதுதான். கண்முன்னே கிடப்பதை இல்லையென்று சொல்லும் மறுப்பறிக்கைகளைப் பல ஆண்டுகள் செப்பனிட்டு அச்சுக்குக் கொடுத்தவன் நான். முறைப்பாடு ஒன்று தோற்பது பெரும்பாலும் ஆதாரம் இல்லாததால் அல்ல. இங்கே போ, அங்கே போ என்று அலைக்கழிக்கப்பட்டு, முறையிட்டவரே அலுத்துப்போவதால்தான். பிறகு சீருடைக்காரருக்கு அதிக வேலை இருப்பதில்லை.

இதற்கு நேரெதிரானது 1989ஆம் ஆண்டின் வடிவம். சர்வதேச மன்னிப்புச் சபைக்கு நிதி திரட்டும் மேடை நிகழ்ச்சியில் கிளீஸும் பேலினும் மீண்டும் தோன்றினார்கள். கிளீஸ் முறையிட, பேலின் கிளியைப் பார்த்துவிட்டு, ஆம், இறந்துவிட்டது என்று ஒப்புக்கொண்டு இழப்பீட்டைக் கொடுத்துவிடுகிறார். மார்கிரட் தட்சர் சில விடயங்களையாவது மாற்றித்தான் இருக்கிறார் என்று கிளீஸ் சபையைப் பார்த்துச் சொல்லக் காட்சி முடிகிறது. உண்மையை ஒப்புக்கொண்டால் நாடகமே இல்லை.

மறுவருடம் தட்சரே இந்தக் கிளியைக் கையிலெடுத்தார். 1990 ஒக்டோபரில் நடந்த கன்சர்வேட்டிவ் கட்சி மாநாட்டில், பறவையைச் சின்னமாகக் கொண்ட லிபரல் டெமோகிரட் கட்சியை இறந்த கிளி என்று கேலிசெய்தார். அதே மாதம் 18ஆந் திகதி நடந்த ஈஸ்ற்போர்ண் இடைத்தேர்தலில் அக்கட்சி அவரது கட்சியின் ஆசனத்தைக் கைப்பற்றியது. நவம்பரில் தட்சர் பதவி விலகினார். உயிரோடிருப்பதை இறந்ததென்று அறிவிப்பதும் ஒருவகை மறுப்புத்தான்.

எனக்கு மிகவும் பிடித்த வடிவம் மேடையிலோ திரையிலோ வந்ததல்ல. மூலக் காட்சியில் வாடிக்கையாளர் மரணத்தைக் குறிக்கும் ஆங்கில வழக்குகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்குகிறார். எங்கள் பத்திரிகைகளின் மரண அறிவித்தல்களிலும் இவ்வகைச் சொற்களுக்குப் பஞ்சமில்லை. காலமானார், இறைவனடி சேர்ந்தார், சிவபதமடைந்தார், கர்த்தருக்குள் நித்திரையடைந்தார் என்று எழுதுவோம். துயரத்தை மென்மையாக்கவே இச்சொற்கள் பிறந்தன. அந்த வாடிக்கையாளரோ அவற்றைச் சுத்தியலாக்கி உண்மையை அறைகிறார்.

கிளியைக் கிளியாக்கிய சப்மன் 1989 ஒக்டோபர் 4ஆந் திகதி, 48ஆவது வயதில் புற்றுநோயால் இறந்தார். டிசெம்பரில் நடந்த நினைவுக் கூட்டத்தில் கிளீஸ் எழுந்து, அந்தக் கிளிக்குச் சொன்ன அதே சொற்களை நண்பருக்காக அடுக்கினார். சபை சிரித்தது. மறுத்துரைக்கக் கடைக்காரர் எவரும் அங்கே இல்லை. இருபது ஆண்டுகள் சிரிப்பை உண்டாக்கிய அந்தச் சொற்கள் தமது பழைய தொழிலுக்கு, துயரம் ஆற்றும் தொழிலுக்கு, அன்று திரும்பின.