தங்கவயல் வழியே – 5: லைன் வீடுகள்

பங்காருப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் போகும் கிளைப்பாதையை 1894-இல் தங்கவயல் சுரங்கத்துக்காகவே போட்டார்கள். இன்று அதில் போகிறவர்களுக்குச் சுரங்கம் இல்லை. விடிவதற்கு முன்பே ஆயிரக்கணக்கானோர் பெங்களூருக்கு வேலைக்குக் கிளம்புகிறார்கள். இருட்டிய பிறகு திரும்புகிறார்கள். ஊருக்குள் போகும் வண்டியில் ஏறிய எனக்கு ஜன்னலோரம் எளிதாகக் கிடைத்தது.

1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே கால் வைத்தது. வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கங்களிலிருந்து நிலமில்லாத மக்கள் வந்து குவிந்தார்கள். பெரும்பாலோர் தலித்துகள். ஊரில் பண்ணையாருக்குக் கைகட்டி நிற்பதைவிடப் பூமிக்குள் இறங்குவது மேல் என்று வந்தவர்கள். கூலி சொற்பம், ஆனால் அது காசாகக் கையில் விழுந்தது. பள்ளிக்கூடம், சங்கம், அச்சகம், பௌத்தம் என்று அவர்கள் இங்கே கட்டியெழுப்பியதை இந்த ஊரின் தங்கத்தைவிடப் பெரிதாக மதிக்கிறேன். பௌத்த இயக்க முன்னோடி அயோத்திதாசரின் ‘தமிழன்’ இதழை ஆவலோடு படித்த ஊர் இது. அவர் மறைந்தபின் அந்த இதழை அவர் வழிவந்த அப்பாதுரையார் மீண்டும் நடத்தியதும் இங்கிருந்துதான். 1930-இல் தொழிலாளிகளின் கைரேகையைப் பதியக் கம்பெனி முனைந்தபோது, ‘நாங்கள் என்ன குற்றவாளிகளா?’ என்று வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள்.

சிவசமுத்திரத்திலிருந்து 1902-இல் மின்சாரம் வந்தது சுரங்கத்துக்கு. பெங்களூருக்கு மூன்று வருடம் கழித்துத்தான். துரைமார் பங்களாக்களில் விளக்கெரிந்த காலத்தில் கூலிகள் மூங்கில் தட்டிக் குடிசைகளில் இருந்தார்கள். வரிசையாகக் கட்டிய லைன் வீடுகள் பின்னால் வந்தவை.

அப்படியொரு லைனில், சாம்பியன் ரீஃப் ஷாப்டில் வேலை பார்த்த பெரியவர் ஒருவர் திண்ணையில் உட்காரவைத்துப் பேசினார். அந்தச் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் அதிக ஆழம். அடியில் பாறையே 60 டிகிரிக்கு மேல் கொதிக்கும். “சூடு பழகிடும் சார். பாறை வெடிச்சா அதுதான் பயம். மேல வீட்ல பாத்திரம் ஆடும். பொம்பளைங்க எல்லாம் ஷாப்டுக்கு ஓடுவாங்க, யாரு வரலன்னு பார்க்க.” ரெண்டு வாக்கியத்துக்கு ஒருமுறை இருமினார். கல்தூசி நுரையீரலில் படிந்த இருமல்.

ஆழம் கூடக் கூடச் செலவு ஏறியது, தங்கம் குறைந்தது. கடைசி ஆண்டுகளில் ஒரு டன் கல்லுக்கு மூன்று நான்கு கிராம்தான். 1956-இல் மைசூர் அரசு எடுத்துக்கொண்டது. 1972-இல் மத்திய அரசின் பாரத் கோல்ட் மைன்ஸ் வந்தது. 2001 பிப்ரவரி 28-இல் மூடிவிட்டார்கள். சுமார் 800 டன் தங்கம் தந்த ஊர். ஆஸ்பத்திரி, தண்ணீர், விளக்கு, வீடு எல்லாமே கம்பெனி கையில் இருந்ததால், அடைத்தது ஒரு வேலையிடத்தை மட்டுமல்ல.

லைனுக்குப் பின்னால் சயனைட் மலைகள் நிற்கின்றன. தங்கம் பிரித்தபின் கொட்டிய மண். காற்றடித்தால் அந்தத் தூசு சோற்றில் விழுகிறது. இந்த மண்ணில் மிச்சமிருக்கும் தங்கத்தை எடுக்கும் பேச்சு திரும்பத் திரும்ப எழுகிறது. எடுக்கட்டும். ஆனால் அதற்கு முன் இந்த வீடுகளுக்குப் பட்டா வரவேண்டும். இருமுகிறவர்களுக்கு மருத்துவம் வரவேண்டும். பெரியவரும் அதைத்தான் கேட்டார்: “மண்ணுக்கு விலை போடுறாங்க சார், எங்களுக்கு என்ன போட்டாங்க?”

(தொடரும்)