சி-யிலிருந்து டி-க்குக் குடிபோன கதை

வீட்டில் இடம் போதவில்லை என்று மனைவி சொன்னால் காதில் விழாத மாதிரி பேப்பர் படிக்கலாம். அதற்குப் பல வருஷப் பயிற்சி இருக்கிறது. கம்ப்யூட்டர் சொன்னால் அது நடக்காது ஸார். 'சி டிரைவில் இடமில்லை' என்று ஸ்கிரீன் மூலையில் ஒரு பலூன் முளைக்கும். மூடினால் கொஞ்ச நேரத்தில் மறுபடி முளைக்கும். கடன் கொடுத்தவன்கூட இத்தனை தடவை எட்டிப் பார்க்க மாட்டான்.

இது நடந்தது 2012-ல். வீட்டில் இருந்தது அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர். 500 ஜி.பி. ஹார்ட் டிஸ்க். அதை நாலாகப் பிரித்த புண்ணியவான் சி-க்கு வெறும் 40 ஜி.பி. கொடுத்திருந்தார். டி, இ, எஃப் மூன்றும் புறநகர் மனை மாதிரி காலியாகக் கிடக்க, விண்டோஸ், பிரிண்டர் சாஃப்ட்வேர், பையனின் கார் ரேஸ் என்று வருகிறவர்கள் எல்லாரும் சி-யிலேயே வந்து உட்கார்ந்தார்கள். கூட்டுக் குடும்பத்தில் மூத்த பிள்ளைக்கு நேரும் கதி.

யார் அதிக இடத்தை அடைத்துக்கொண்டிருப்பது என்று தேடினேன். அகப்பட்டது ஒரே ஒரு ஃபைல். அவுட்லுக்கின் மெயில் ஃபைல். பி.எஸ்.டி. என்பார்கள். 6 ஜி.பி.!

எங்கள் கும்பகோணம் வீட்டு ரேழியில் ஒரு கம்பி தொங்கும். முனை வளைந்து கூராக இருக்கும். அப்பா போஸ்ட் ஆபீஸில் வேலை பார்த்தவர். வந்த கடிதம், மின்சார பில், கல்யாணப் பத்திரிகை, என் மார்க் ஷீட் எதுவானாலும் அதில் குத்தி விடுவார். பி.எஸ்.டி. என்பது அந்தக் கம்பிதான். வந்த மெயில், போன மெயில், காலண்டர், விலாசங்கள் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் குத்தி வைக்கும். கம்பி அறுந்தால் எல்லாம் போச்சு.

எனக்கு அந்தக் கம்பியில் இன்னொரு விஷயமும் இருந்தது. 'அப்பா' என்று ஒரு ஃபோல்டர். 143 மெயில்கள்.

ரிட்டயர் ஆன பிறகு அப்பா மெயில் கற்றுக்கொண்டார். பிரௌஸிங் சென்டரில் மணிக்கு 20 ரூபாய். அரை மணியில் முடித்து 10 ரூபாயோடு எழுந்துவிடுவார். இங்கிலீஷ் எழுத்தில் தமிழ். 2004-ல் வந்த முதல் மெயிலில் ஒரே வரி: 'இது வந்து சேர்ந்ததா?' 2009-ல் அவர் போய்விட்டார். மெயில்கள் இருந்தன.

வேறு எங்கும் காப்பி கிடையாது. என் மெயில் பெட்டிக்கு 50 எம்.பி.தான் இடம் என்பதால், மெயில் கம்ப்யூட்டருக்கு இறங்கியதும் ஸெர்வரில் அழிந்துவிடும்படி நானே வைத்திருந்தேன்.

முதலில் வேண்டாத மெயில்களை அழித்துப் பார்த்தேன். ரோஜாப்பூவோடு வந்த குட்மார்னிங், பத்துப் பேருக்கு அனுப்பினால் பணம் வரும் வகையறா என்று இரண்டாயிரம் மெயில்களை விரல் வலிக்க வலிக்க அழித்தேன். ஃபைல் அதே 6 ஜி.பி.! அடப்பாவி, பீரோவிலிருந்து புடவையை எடுத்தால் பீரோவா சின்னதாகும்? அழித்ததைக் குப்பைத் தொட்டியிலிருந்தும் அழித்து, அதற்குப் பிறகு 'காம்பாக்ட்' என்றொரு பட்டனை அழுத்த வேண்டுமாம். அழுத்தினேன். அரை ஜி.பி. குறைந்தது. பலூன் மறுபடி வந்தது.

ஆபீஸ் ஸிஸ்டம்ஸ் செக்ஷன் தம்பிக்கு போன் போட்டேன். மதுரைப் பக்கத்துப் பையன்.

"அம்புட்டுத்தானே ஸார், ஃபைலைத் தூக்கி டி-யில வச்சிரலாம். ஆனா நான் சொல்ற மாதிரியே செய்யணும். முதல்ல அவுட்லுக்கை மூடணும். கட் பண்ணாதீங்க, காப்பி பண்ணுங்க. பழசோட பேரை மட்டும் மாத்தி வைங்க. புதுசு ஓடுதான்னு பார்த்த பெறகுதான் பழசை அழிக்கணும்."

"ஃபைல் எங்கே இருக்குன்னே தெரியலையே தம்பி."

"அது ஒளிச்சு வச்ச ஃபோல்டர்ல இருக்கும் ஸார். அவுட்லுக்லயே அக்கவுண்ட் செட்டிங்ஸ் போங்க, டேட்டா ஃபைல்ஸ்னு இருக்கும், அதுல ஃபோல்டரைத் திறக்க ஒரு பட்டன் இருக்கு. அதுவே கொண்டுபோய் விட்டுரும்."

இரண்டாவது சனிக்கிழமை. லீவு. அவுட்லுக்கை மூடினேன். காப்பி போட்டேன். பச்சைக் கோடு நகர ஆரம்பித்தது. ஒரே டிஸ்க்கின் ஒரு மூலையிலிருந்து எடுத்து இன்னொரு மூலையில் வைக்க வேண்டியிருப்பதால் ஆமை வேகம். 71 சதவீதம்.

பட்டென்று ஃபேன் நின்றது.

2012-ல் சென்னையில் தினம் இரண்டு மணி நேரம் பவர்கட் என்பது வாசகர்களுக்கு நினைவிருக்கும். எங்கள் தெருவுக்கு எத்தனை மணிக்கு என்பது எனக்கும் தெரியும். அன்றைக்கு மட்டும் மறந்துவிட்டது. யு.பி.எஸ். கீ... கீ... என்று அலறிவிட்டு உயிரை விட்டது. வயதான பாட்டரி.

"தம்பி! பாதியில கரண்ட் போயிடுச்சுப்பா!"

"காப்பிதானே போட்டீங்க?"

"ஆமா."

"அப்ப ஒண்ணும் ஆகியிருக்காது ஸார், ஒரிஜினலைத் தொடலையே. கரண்ட் வந்ததும் டி-யில பாதியா கெடக்குறதை அழிச்சிட்டு, மறுபடி முதல்லேருந்து."

இரண்டு மணி நேரம் விசிறியும் கையுமாக உட்கார்ந்திருந்து மறுபடி காப்பி போட்டேன். இரண்டு ஃபைலின் அளவும் ஒன்றா என்று பார்த்தேன். ஒன்றுதான். பழசின் பெயருக்குப் பின்னால் 'பழசு' என்று சேர்த்தேன். வெற்றி வீரனாக அவுட்லுக்கைத் திறந்தேன்.

'ஃபைல் கிடைக்கவில்லை' என்றது. தெரிந்த விஷயம்தானே என்று ஓ.கே. அடித்தேன். ஒரு பெட்டி திறந்தது. அதையும் படிக்காமல் ஓ.கே. அடித்தேன். ஆபீஸில் ஸர்க்குலரைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டுப் பழகிய கை.

அவுட்லுக் திறந்தது. இன்பாக்ஸ் காலி. அனுப்பிய மெயில்கள் காலி. ஃபோல்டர் வரிசையில் 'அப்பா' இல்லை.

கை ஜில்லிட்டுப் போயிற்று. சமையலறையிலிருந்து வந்த மனைவி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "யாருக்கு என்ன?" என்றாள். "அப்பாவோட மெயில் எல்லாம்..." என்று மட்டும் சொன்னேன். அவள் எதுவும் கேட்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

போனில் தம்பி சிரித்தான்.

"அந்தப் பெட்டியில டி-க்குப் போய் ஃபைலைக் காட்டியிருக்கணும் ஸார். நீங்க காட்டாம ஓ.கே. போட்டுட்டீங்க. அது பழைய அட்ரஸ்லயே புதுசா ஒரு காலி வீடு கட்டிக்கிச்சு. உங்க சாமான் எல்லாம் டி-யில பத்திரமா இருக்கு. நீங்க வீடு மாறினது அவுட்லுக்குக்குத் தெரியாது, அம்புட்டுத்தான்."

அவன் சொல்லச் சொல்ல டி-யில் இருந்த ஃபைலைத் திறந்தேன். டேட்டா ஃபைல்ஸ் பட்டியலில் இதுதான் இனி முதல் ஃபைல் என்று குறித்தேன். அதற்குள் காலி வீட்டுக்கு வந்திருந்த இரண்டு மெயில்களைப் புது வீட்டுக்கு இழுத்துவிட்டு, காலி வீட்டைப் பட்டியலிலிருந்து நீக்கினேன். அவுட்லுக்கை மூடித் திறந்தேன்.

'அப்பா' வந்தது. 143.

கடைசி மெயிலைத் திறந்தேன். 2009-ல் நாங்கள் இந்த வீட்டுக்கு மாறின வாரத்தில் எழுதியது. வேலை மும்முரத்தில் நான் பதில் போடாமல் விட்ட மெயில்.

'புது வீட்டு விலாசம் அனுப்பு. போஸ்ட் ஆபீஸில் எழுதிக் கொடுத்தாயா? கொடுக்காவிட்டால் கடிதம் பழைய வீட்டுக்கே போய்க்கொண்டிருக்கும். பழைய வீட்டுச் சாவியை அவசரப்பட்டுத் திருப்பிக் கொடுக்காதே. சாமான் எல்லாம் வந்து சேர்ந்ததா என்று எண்ணிப் பார்த்துவிட்டுக் கொடு.'

ஸிஸ்டம்ஸ் தம்பி சொன்னதற்கும் இதற்கும் ஒரு வார்த்தை வித்தியாசம் இல்லை. அப்பா கம்ப்யூட்டருக்கென்று எழுதவில்லை, அவ்வளவுதான்.

ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டு 'பழசு' ஃபைலை அழித்தேன். ரீசைக்கிள் பின்னையும் காலி செய்தேன். பலூன் வரவில்லை. திங்கட்கிழமை தம்பிக்கு டிபன் வாங்கிக் கொடுத்தேன். இரண்டாவது வடையில் அவன் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டான்.

"டி-யில வச்சதால பத்திரம்னு நினைச்சிராதீங்க ஸார். சி, டி எல்லாம் உங்க வீட்ல ஒரே டிஸ்க்குதான். கீழ் வீட்டுலேருந்து மாடிக்குப் போயிருக்கீங்க. கட்டடம் இடிஞ்சா ரெண்டும் சேர்ந்துதான் இடியும். வெளியில ஒரு காப்பி வைங்க."

எக்ஸ்டர்னல் டிஸ்க் ஒன்று வாங்கினேன். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, அவுட்லுக்கை மூடிவிட்டு ஒரு காப்பி. 2015 தீபாவளிக்குத் திருச்சிக்குப் போனபோது அதைத் தங்கை வீட்டில் கொடுத்துவிட்டு வந்தேன். அந்த டிசம்பரில் சென்னையில் வெள்ளம் வந்தது. எங்களுடையது தரைத்தளம். இடுப்பளவு தண்ணீர். சி, டி, இ, எஃப் நால்வரும் ஒரே நேரத்தில் ஜலசமாதி. திருச்சியில் 143-ம் பத்திரம்.

இன்றைக்கும் 256 ஜி.பி. லாப்டாப்பை வைத்துக்கொண்டு திண்டாடும் ஆபீஸ் நண்பர்களுக்குச் சில வார்த்தை. அவுட்லுக் 2010-லிருந்து இந்த ஃபைல் பெரும்பாலும் டாக்குமென்ட்ஸுக்குள் 'அவுட்லுக் ஃபைல்ஸ்' என்ற ஃபோல்டரில் இருக்கும். ஒரு காலத்தில் 2 ஜி.பி.தான் தாங்கும். 2003, 2007-ல் 20. 2010-லிருந்து 50 ஜி.பி. வரை தாங்கும் என்பதற்காக அதுவரை ஊற விடாதீர்கள். இடமிருக்கிறதே என்று ஆபீஸ் ஸெர்வரின் பொது ஃபோல்டரில் கொண்டுபோய் வைக்காதீர்கள், ஃபைல் கெட்டுப்போகும். ஃபைல் பெயர் ஓ.எஸ்.டி. என்று முடிந்தால் நகர்த்தும் வேலையே வேண்டாம். அது ஸெர்வரில் இருப்பதன் நகல்தான். எத்தனை மாத மெயிலைக் கம்ப்யூட்டரில் வைப்பது என்பதைக் குறைத்துக்கொண்டால் போதும்.

மற்றபடி, பெட்டி திறந்தால் படித்துவிட்டு ஓ.கே. அடியுங்கள்.

போன வாரம் அப்பாவின் திதி. ராத்திரி அந்தக் கடைசி மெயிலுக்குப் பதில் டைப் அடித்தேன். 'எல்லாம் வந்து சேர்ந்தது அப்பா. எண்ணிப் பார்த்துவிட்டேன். சாவியைக் கொடுத்துவிட்டேன்.'

அனுப்பவில்லை. டிராஃப்ட்ஸில் இருக்கிறது. இரண்டு ஊரில் காப்பியோடு.