மங்கிய திருவாதிரை

2020-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் ஓரிரவு, செபமாலை முடிந்து மக்கள் வீடு திரும்பியபின், பீடச் சிறுவர் சிலர் ஆலய முற்றத்தில் நம்மைச் சூழ்ந்துகொண்டனர். "சுவாமி, திருவாதிரை வெடிக்கப்போகிறதாமே, மெய்தானா?" என்று வினவினர். குருமட நாள்முதல் விண்மீன்களை நோக்கும் பழக்கமுடைய நாம், சற்றும் தயங்காது, "ஆம், அதன் முடிவு நெருங்கிவிட்டது" என்றோம். சற்றுத் தொலைவில் நம் முதிய உபதேசியார் விளக்கை அணைத்துக்கொண்டிருந்தார். அவ்விடை நம் நெஞ்சை இன்றளவும் உறுத்துகிறது.

ஒரே வரிசையில் நிற்கும் மூன்று விண்மீன்களை இடைக்கச்சையாகக் கொண்ட வேட்டைக்காரனை அறியாதார் இலர். யோபு நூலும் அதனைக் குறிப்பிடுகிறது. அவ்வேடனின் ஒரு தோளில் செந்நிறமாய் ஒளிர்வதே திருவாதிரை. கதிரவனின் மேற்பரப்பு ஏறத்தாழ 5,500 பாகை வெப்பமுடையது. இதுவோ 3,300 பாகை அளவே உடையது. செந்நிறத்திற்குக் காரணம் அதுவே. வெப்பம் குறைவாயினும் அதன் உருவம் மிகப் பெரிது. 1920-ஆம் ஆண்டு மைக்கல்சன், பீஸ் எனும் அறிஞர் இருவர், அமெரிக்காவின் வில்சன் மலையில் அதன் விட்டத்தை அளந்தனர். கதிரவனுக்கு அடுத்தபடியாக, விட்டம் அளக்கப்பெற்ற முதல் விண்மீன் அதுதான். அதனைக் கதிரவன் இருக்குமிடத்தில் வைத்தால், நம் பூமியையும் செவ்வாயையும் விழுங்கிவிடும். ஆயினும் அதன் சராசரி அடர்த்தி, நாம் மூச்சுவிடும் காற்றினும் பல ஆயிரம் மடங்கு குறைவு.

கதிரவனின் அகவை 460 கோடி ஆண்டு. திருவாதிரைக்கு ஒரு கோடி ஆண்டளவே ஆயிருக்கும் என மதிப்பிடுகின்றனர். எனினும் முதுமை எய்தியது அதுவே. பேருருவ விண்மீன்கள் தம் எரிபொருளை விரைந்து செலவிடுகின்றன. அது ஒருநாள் வெடிப்பது உறுதி.

2019-ஆம் ஆண்டின் இறுதியில் அது மங்கத் தொடங்கியது. 2020 பிப்ரவரியில் வழக்கமான ஒளியில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கே எஞ்சியது. வேடனின் மறுதோளிலுள்ள விண்மீனும் அதுவும் ஒன்றுபோலத் தோன்றியதை நாமே கண்டோம். நம் கணிப்பு பலித்தது என உள்ளூர மகிழ்ந்தோம்.

அந்நாள்களில் மற்றொரு கணிப்பும் நம்மிடம் இருந்தது. மனைவியை அடக்கம் செய்தபின் உபதேசியாரின் குரல் தணிந்துவிட்டது. மறைக்கல்வி வகுப்பில் பாதியிலே நிறுத்திவிட்டு வாளாவிருப்பார். "அவர் காலம் முடிந்தது" எனப் பங்குப் பேரவையில் கூறி, வேறொருவரைத் தேடலானோம். அவரிடம் ஒரு சொல்லும் கேட்டோமில்லை.

பெருந்தொற்றினால் ஆலயக் கதவுகள் அடைபட்டிருந்த ஏப்ரலில், ஆளரவமற்ற முற்றத்தினின்று மேற்கே நோக்கினோம். திருவாதிரை பழைய ஒளியுடன் நின்றது. நாணமுற்றோம். ஆலயத்தை அடுத்துள்ள உபதேசியார் வீட்டுத் திண்ணைக்குச் சென்று, எட்டி அமர்ந்து, "வீட்டம்மா நினைவாகவே இருக்கிறீரோ?" என்றோம். அவர் நெடுநேரம் பேசினார், நாம் கேட்டுக்கொண்டிருந்தோம். இறுதியில், "இதுவரை யாரும் கேட்கவில்லை சுவாமி" என்றார்.

மறு ஆண்டு, சிலி நாட்டின் பெருந்தொலைநோக்கி எடுத்த படங்களை ஆராய்ந்தோர் காரணத்தை வெளியிட்டனர். அவ்விண்மீன் வெளிவிட்ட வாயு குளிர்ந்து தூசியாகி, அதன் முகத்தையே மறைத்திருந்ததாம். மங்கியதாக நாம் கண்டது பெரும்பாலும் அத்திரையையே.

ஆலயம் திறந்தபின் உபதேசியார் மீண்டும் வகுப்பெடுத்தார். குரல் பழையபடி முழங்கவில்லை. ஆயினும் பிள்ளைகள் அவரைவிட்டு அகலவில்லை. திருவாதிரைக்கு முடிவு உண்டு; இன்னும் ஓரிலட்சம் ஆண்டுக்குள் நேரலாம் என்கின்றனர். நமக்கும் முடிவு உண்டு. அந்நாளைக் குறிப்பது நம் பணியன்று. நம் இல்லங்களில் ஒருவர் முகம் மங்கக் கண்டால், தீர்ப்புக் கூறுமுன் அருகில் சென்று அமர்வோமாக.