கடல் கடந்த மாணாக்கன்

விளாத்திகுளம் வைப்பாற்றின் கரையில், கரிசல் நிலத்தின் நடுவே அமைந்த ஊராகும். கோடையில் இந்நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். ஆடு மேய்ப்போன் தன் கைக்கோலை வெடிப்பினுள் விட்டால் பாதிக்கோல் மறைந்துவிடும். மழை பெய்தாலோ, அதே மண் களியாகி, நடப்போர் காலைப் பற்றிக்கொண்டு விடமாட்டாது. அத்தகைய மண்ணிற் பிறந்து, என்னிடம் தமிழ் பயின்ற மாணாக்கன் ஒருவன், கல்வியின் பொருட்டுக் கடல் கடந்து ஜப்பான் நாட்டிற்குச் சென்றான். அவன் அங்கிருந்து எனக்கு எழுதிய மடல்கள் இரண்டு இன்றும் என்னிடம் உள்ளன. அவற்றால் நான் அறிந்தவற்றை ஈண்டுக் கூறுகின்றேன்.

அவன் இளமையிலேயே தந்தையை இழந்தவன். அன்னையார் மானாவாரி நிலத்தில் மிளகாய் பயிரிட்டும், வேலையற்ற நாள்களில் தீப்பெட்டி ஒட்டியும் அவனை வளர்த்தார். வேளாண்மைக் கல்லூரியில் தேறியபின், மண்ணியல் பயில ஜப்பானிய அரசின் உதவித்தொகை அவனுக்குக் கிடைத்தது. அன்னையார் என் இல்லம் வந்து, "ஐயா, அவன் போகட்டுமா? நீங்கள் சொன்னால் அனுப்புகிறேன்" என்றார். "தயங்காமல் அனுப்புங்கள் அம்மா" என்றேன். புரட்டாசி இறுதியில், அன்னையார் மழையை எதிர்நோக்கி நிலத்தைப் பண்படுத்திக்கொண்டிருந்த நாளில், அவன் விமானம் ஏறினான்.

டோக்கியோ நகருக்கு வடகிழக்கே, ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், சுக்குபா என்னும் கல்வி நகரம் உள்ளது. அங்கேதான் அவன் தங்கினான். தொலைபேசியில் அன்னையாரிடம் "நலமாக இருக்கிறேன்" என்றே சொல்லிவந்தான். ஆனால், தைப்பொங்கல் கழிந்த சில நாள்களில் அவன் கைப்பட எழுதிய மடல் ஒன்று எனக்கு வந்தது.

"ஐயா அவர்களுக்கு வணக்கம். அம்மாவிடம் சொல்ல இயலாததை உங்களுக்கு எழுதுகிறேன். இங்கே குளிர் எலும்பைத் துளைக்கிறது. எழுத்து வரிசை ஒன்றன்று, மூன்று. முதலிரண்டிலும் நாற்பத்தாறு நாற்பத்தாறு எழுத்துகள். மூன்றாவது சீனத்திலிருந்து வந்த சித்திர எழுத்து. அதில் பொது வழக்கிற்கென அரசு வகுத்தவை மட்டுமே 2136. கடைப் பலகையைப் படிக்கத் தெரியாத நான் இங்கே எழுத்தறியாதவன். சென்ற வாரம் நண்பன் வீட்டு விருந்தில் உண்ணும் குச்சிகளைச் சோற்றில் நட்டு வைத்தேன். அனைவரும் பேச்சடங்கினர். நண்பனின் தாயார் மெல்ல அவற்றை எடுத்துக் கிடத்தி வைத்தார். இறந்தோருக்குப் படைக்கும் சோற்றில்தான் அவ்வாறு நடுவார்களாம். அன்றிரவு நான் உறங்கவில்லை. ஐயா, நான் திரும்பி வந்துவிடட்டுமா?"

இதனைப் படித்ததும் என் உள்ளம் கலங்கிற்று. அவனைப் போகச் சொன்னவன் நான். நானோ கடல் கடந்தவன் அல்லேன். கணியன் பூங்குன்றனார் பாடலை ஆண்டுதோறும் வகுப்பில் உரை கூறிப் பயிற்றியவன். ஆனால், அயலூரில் ஒரு திங்களேனும் தனித்து வாழ்ந்து பாராதவன். 'அஞ்சாதே, அங்கேயே இரு' என்று எழுத எனக்கு என்ன தகுதி உண்டு? 'வந்துவிடு' என்று எழுதினால் அவ்வன்னையின் உழைப்பு என்னாவது? இரண்டு நாள் எண்ணியபின், அறிவுரையை விடுத்து, நான் அறிந்த செய்திகளை மட்டும் எழுதினேன்.

"தம்பி, முதல் உலகப் போர்க் காலத்தில் நம் நாட்டிற்குத் தீப்பெட்டிகள் பெரும்பாலும் ஜப்பானிலிருந்தே வந்தன. பின்னர் 1922 ஆம் ஆண்டில் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று, மொழி அறியா ஊரில் தங்கி, அத்தொழிலைக் கற்று மீண்டனர். உன் அன்னை ஒட்டிய தீப்பெட்டி அவ்வாறு வந்ததாகும். நீ இருக்கும் நாட்டிலிருந்து நம் நாட்டிற்கு ஒரு மாணவர் வந்ததும் உண்டு. நொபொரு கராஷிமா என்பார் 1960களின் தொடக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பயின்று, நம் கல்வெட்டுகளைப் படிக்கக் கற்றார். 1995 ஆம் ஆண்டில் தஞ்சையில் எட்டாம் உலகத் தமிழ் மாநாடு நடைபெற்றபோது, உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தின் தலைவர் அவரே. அவருக்கும் நம் எழுத்து முதலில் வெறுங்கோடாகவே தோன்றியிருக்கும். முடிவை நீயே செய்க. வருவதாயின் என் வீட்டுக் கதவு திறந்திருக்கும். அதற்கு முன் எனக்கு ஒன்று எழுது: அந்நாட்டு மண் எந்நிறம்?"

மாசித் திங்களில் மறுமொழி வந்தது.

"ஐயா, உங்கள் வினாவிற்கு விடை தேடி மிதிவண்டியில் வயற்பக்கம் சென்றேன். இங்கேயும் மண் கறுப்புத்தான்! குரோபோகு என்பது அதன் பெயர். ஆனால், கையில் எடுத்தால் நம் மண்போல் கனக்கவில்லை, பொலபொலவென்று உதிர்கிறது. எரிமலைச் சாம்பல் மக்கி, அதனோடு புல்லின் மட்கு சேர்ந்து கறுத்த மண் இது. நம் கரிசலில் மட்கு குறைவு. நீரை உண்டு பருத்து, காய்ந்தால் சுருங்கி வெடிக்கும் களிமண் அது. நிறம் ஒன்று, பிறப்பு வேறு. பயிருக்கு வேண்டிய மணிச்சத்தை இம்மண் இறுகப் பற்றிக்கொண்டு எளிதில் விடாதாம்.

"அவ்வயலில் ஒரு மூதாட்டி, அவித்த சீனிக்கிழங்கைச் சீவி வெயிலில் உலர்த்திக்கொண்டிருந்தார். களத்தில் அம்மா வற்றல் காயவைக்கும் காட்சி என் கண்முன் வந்தது. நான் கேளாமலே அருகில் அமர்ந்து கிழங்கைப் புரட்டினேன். அவர் நகைத்து, ஒவ்வொன்றாய்ச் சொல் கற்பித்தார். 'முரா' என்றால் சிற்றூர். 'நி' என்றால் நம் 'கு' உருபு. நம்மைப்போலவே பெயரின் பின் உருபு, வினை இறுதியில். சொற்கள் வேறாயினும் அவை நிற்கும் முறை நமக்குப் பழகியதே. ஞாயிறுதோறும் அங்கே செல்கிறேன். நான் திரும்பி வரவில்லை ஐயா. படிப்பை முடித்தே வருவேன்."

சுசுமு ஓனோ என்னும் ஜப்பானிய அறிஞர், தமிழுக்கும் தம் மொழிக்கும் உறவுண்டு எனப் பல்லாண்டு ஆராய்ந்து எழுதினார். மொழியறிஞர் பலர் அம்முடிவை ஏற்கவில்லை. உறவு உண்டோ இல்லையோ, தனித்து நின்ற இளைஞன் ஒருவனுக்கு அவ்வொற்றுமை ஊன்றுகோலாயிற்று என்பதை நான் அறிவேன்.

ஈராண்டு கழித்து அவன் பட்டம் பெற்று மீண்டான். இன்று நம் நாட்டிலேயே மண் ஆய்வுப் பணி செய்கின்றான். அவன் வந்த அன்று அன்னையார் கேட்ட முதல் வினா, "அந்தப் பாட்டிக்கு நம் வற்றல் அனுப்பலாமா?" என்பதே. குச்சியை நட்ட நாளின் துயரை அவன் அன்றுதான் அவரிடம் கூறினான். அவர் சிறிதுபோது பேசாதிருந்து, "அதை எடுத்துக் கிடத்தியவளும் ஒரு தாய்தானே" என்றார்.

மாணவர்களே! அயல்நாடு செல்வோர்க்கு முதலில் கண்ணிற் படுவன வேற்றுமைகளே. நாம் அறியாது பிழை செய்வோம், நாணுவோம், திரும்பிவிட விழைவோம். அந்நாளில், அங்குள்ளோர் செய்யும் வேலை ஒன்றிற் சென்று கைகொடுத்தல் நலம். ஆண்டுதோறும் நான் உரை கூறிய புறப்பாடலின் பொருளை, கிழங்கு புரட்டிய என் மாணாக்கனிடமிருந்தே நான் கற்றேன்.